ஒட்டுப்போர்வை தைப்பது எப்படி: முதல் வெட்டிலிருந்து ஓரப்பட்டி வரை

வீட்டில் சேர்ந்து கிடக்கும் பழைய சட்டைகளையும் மிச்சத் துணிகளையும் வைத்து ஒட்டுப்போர்வை தைக்க ஆசை, சாதாரண மெஷின் இருக்கிறது, நேர்த்தையல் மட்டும்தான் போட வரும், இது போதுமா, ஆரம்பம் முதல் கடைசி வரை என்னென்ன செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேர்த்தையல் தாராளமாகப் போதும். குவில்ட், அதாவது ஒட்டுப்போர்வை, என்றதும் பலரும் தையல் திறமையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். ஆனால் இந்த வேலையில் மெஷின் முன்னால் உட்காரும் நேரம் குறைவு. அளப்பது, வெட்டுவது, இஸ்திரி போடுவது, தரையில் பரப்பிப் பார்ப்பது, ஊக்குக் குத்துவது, இவைதான் பெரும்பங்கு. போர்வை ஒழுங்காக வருமா, கோணிக்கொள்ளுமா என்பதும் அங்கேதான் முடிவாகிறது. அதனால் அந்த இடங்களில் கொஞ்சம் நீட்டிச் சொல்கிறேன்.

முதலில் அமைப்பு. குவில்ட் மூன்று அடுக்கு. துண்டுகளைச் சேர்த்துத் தைத்த மேல்துணி, நடுவில் பேட்டிங் எனப்படும் பஞ்சு விரிப்பு, அடியில் ஓர் அடித்துணி. மூன்றையும் சேர்த்துப் பிடித்து ஓடும் தையலுக்குத்தான் குவில்ட்டிங் என்று பெயர். அது முடிந்ததும் நான்கு ஓரத்தையும் பட்டி வைத்து மூட வேண்டும்.

துணியில் கைவைக்கும் முன் கணக்குப் போட்டுவிடுங்கள். முதல் போர்வைக்கு நான் எப்போதும் சொல்வது 45 அங்குல அகலம், 54 அங்குல நீளம். உட்கார்ந்திருப்பவர் மடியில் போட்டுக்கொள்ளவும், குழந்தை போர்த்திக்கொள்ளவும் சரியாக இருக்கும். சாதாரண மெஷினின் கழுத்துக்குள், அதாவது ஊசிக்கு வலப்பக்கம் உள்ள இடைவெளிக்குள், சுருட்டி நுழைக்கவும் முடியும். முதல் முறையே இரட்டைக் கட்டில் அளவுக்குப் போனால் பாதியில் மூட்டை கட்டி வைப்பதற்குத்தான் வாய்ப்பு அதிகம். வடிவமும் வெறும் சதுரமாகவே இருக்கட்டும். முக்கோணத்தில் குறுக்காக வெட்டிய ஓரம் வரும், அது இழுபடும்; நட்சத்திரமெல்லாம் இரண்டாவது போர்வைக்கு.

5 அங்குலச் சதுரமாக வெட்டுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு பக்கமும் தையலுக்குக் கால் அங்குலம் போய்விடும். தைத்து முடித்த சதுரம் நாலரை அங்குலம்தான் இருக்கும். அகலத்தில் 10, நீளத்தில் 12 என வைத்தால் 45க்கு 54 வந்துவிடும். மொத்தம் 120 சதுரம். 44 அங்குல அகலத் துணியில், கரை ஓரத்தை நீக்கிவிட்டு, ஒரு 5 அங்குலப் பட்டையிலிருந்து 8 சதுரம் கிடைக்கும். ஆக 15 பட்டை, அதாவது 75 அங்குலம், ஏறக்குறைய 2 மீட்டர். பழைய உடுப்பில் வெட்டும்போது இந்தக் கணக்கு அப்படியே நிற்காது; தையலும் பாக்கெட்டும் குறுக்கே வரும். 10 சதுரம் கூடுதலாகவே வெட்டி வையுங்கள். அடுக்கிப் பார்க்கும்போது பிடிக்காததை மாற்றவும் அவை உதவும்.

அடுத்தது துணியைத் தேர்ந்தெடுப்பது. சட்டைத் துணி கனத்தில் உள்ள நெய்த பருத்தி என்றால் வேலை சுலபம். எல்லாத் துண்டும் ஏறத்தாழ ஒரே கனத்தில் இருக்க வேண்டும். ஜீன்ஸையும் மெல்லிய மல் துணியையும் பக்கத்தில் பக்கத்தில் தைத்தால் மெல்லியது முதலில் கிழியும். டி-ஷர்ட் போன்ற பின்னலாடை நீண்டுகொண்டே போகும். அதை எப்படியாவது சேர்த்தே ஆக வேண்டும் என்றால் பின்புறம் இஸ்திரிச் சூட்டில் ஒட்டும் இன்டர்ஃபேசிங் என்ற விறைப்புத் துணியை ஒட்டிவிட்டு அப்புறம் வெட்டுங்கள். பழைய துணியை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். முழங்கை, கழுத்துப் பட்டை, உட்காரும் இடம் ஆகியவை நூல் தேய்ந்து மெலிந்திருக்கும். அவற்றை இரக்கப்படாமல் ஒதுக்குங்கள். நினைவுக்காகவே தைக்கும் போர்வையில்கூட தேய்ந்த துண்டு சீக்கிரமே பொத்தலாகிவிடும்.

புதுத் துணியைக் கலப்பதாக இருந்தால் எல்லாவற்றையும் துவைத்துக் காயவைத்துக்கொள்ளுங்கள். பழைய சட்டை சுருங்கவேண்டியதெல்லாம் எப்போதோ சுருங்கியிருக்கும். அதன் பக்கத்தில் இருக்கும் புதுத் துணி முதல் துவைப்பில் சுருங்கினால் தையல் இழுத்துக்கொள்ளும். எல்லாமே புதுத் துணி என்றால் துவைக்காமலே தைப்பவர்களும் உண்டு, அதில் தவறில்லை. சாயம் போகுமா என்பதை மட்டும் பார்த்தே தீர வேண்டும். சிவப்பு, அடர்நீலம், கறுப்பு இவைதான் வழக்கமான குற்றவாளிகள். ஒரு சிறு துண்டைச் சூடான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, வெள்ளைத் துணிமேல் வைத்து அழுத்திப் பாருங்கள். கறை தெரிந்தால் மறுபடி அலசுங்கள். அப்படியும் நிற்கவில்லை என்றால் அந்தத் துணியை விட்டுவிடுங்கள்.

வெட்டும்போது சதுரத்தின் ஓரங்கள் பாவு (நீளவாக்கில் ஓடும் நூல்), ஊடை (அகலவாக்கில் ஓடும் நூல்) இரண்டுக்கும் இணையாக இருக்க வேண்டும். குறுக்காக வெட்டிய துணி, தையற்காரர்கள் கிராஸ் என்பார்களே அது, கையில் எடுத்தாலே இழுபட்டு வடிவம் மாறும். பாவு வாக்கில் இழுபடுவது மிகக் குறைவு, ஊடை வாக்கில் கொஞ்சம், கிராஸில் நிறைய. துணியை இழுத்துப் பார்த்தாலே கைக்குத் தெரிந்துவிடும். வெட்டுவதற்கு முன் நன்றாக இஸ்திரி போட்டு, கஞ்சியோ ஸ்டார்ச் ஸ்பிரேயோ லேசாக அடித்துவிட்டால் துணி விறைப்பாக நின்று சொன்னபடி கேட்கும். பழைய துணிக்கு இதைக் கட்டாயம் செய்வேன்.

கருவி என்று பார்த்தால் ரோட்டரி கட்டர், அடியில் போடும் மேட், அங்குலக் கோடுகள் போட்ட ஒளி ஊடுருவும் ஸ்கேல், மூன்றும் சேர்ந்தால் வேலை பறக்கும். ஜப்பானின் ஓல்ஃபா நிறுவனம் 1979இல் இந்தச் சக்கரக் கத்தியைக் கொண்டுவந்தது உடை தைப்பவர்களுக்காக. குவில்ட் தைப்பவர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள், இந்தக் கைவேலையின் வேகமே மாறிப்போனது. கத்தி மிகக் கூர்மை. ஒவ்வொரு வெட்டுக்குப் பிறகும் மூடியைப் போடும் பழக்கம் வேண்டும். ரோட்டரி கட்டர் இல்லையென்றாலும் குடி முழுகிப் போகாது. கெட்டி அட்டையில் 5 அங்குலச் சதுரம் வெட்டி, பென்சிலால் வரைந்து, நல்ல கத்தரிக்கோலால் வெட்டலாம். அட்டையின் ஓரம் தேயத் தேய அளவு மாறும் என்பதால் 30, 40 சதுரத்துக்கு ஒரு தடவை புது அட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டிய சதுரங்களைத் தரையிலோ கட்டிலிலோ பரப்புங்கள். இங்கே அவசரப்படாதீர்கள். நிறம் பொருந்துகிறதா என்றுதான் எல்லோரும் பார்ப்பார்கள். அதைவிட முக்கியம் வெளிர், அடர் என்ற வித்தியாசம். நிறங்கள் எவ்வளவு அழகாக இருந்தாலும் எல்லாம் ஒரே அடர்த்தியில் இருந்தால் போர்வை தூரத்திலிருந்து ஒரே கலங்கலாகத் தெரியும். போனில் படம் எடுத்து அதைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பாருங்கள், உடனே புரியும். ஒரே துணி பக்கத்தில் பக்கத்தில் வருகிறதா, அடர்நிறமெல்லாம் ஒரு மூலையில் கூடிவிட்டதா என்பதும் படத்தில் பளிச்சென்று தெரியும். முடிந்தால் ஒரு ராத்திரி அப்படியே விட்டுவிட்டு மறுநாள் பாருங்கள். பிடித்துப்போனதும் ஒவ்வொரு வரிசையையும் இடமிருந்து வலமாக அடுக்கி, மேலே வரிசை எண் எழுதிய சீட்டைக் குண்டூசியால் குத்தி வையுங்கள்.

இப்போது மெஷின். இங்கே ஒரே ஒரு விஷயம்தான், ஆனால் எல்லாமே அதில்தான் இருக்கிறது: தையலுக்கு விடும் கால் அங்குலம் எங்கேயும் மாறக் கூடாது. ஒவ்வொரு தையலிலும் அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு கூடுதலாக எடுத்தால்கூட ஒரு சதுரத்துக்கு இரண்டு பக்கமும் சேர்ந்து அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு குறையும். 10 சதுரம் தாண்டுவதற்குள் ஓர் அங்குலத்துக்கு மேல் காணாமல் போய்விடும். எல்லா வரிசையிலும் ஒரே மாதிரி குறைந்தால் பரவாயில்லை, போர்வை கொஞ்சம் சிறிதாகும், அவ்வளவுதான். ஒரு வரிசை 44 அங்குலம், அடுத்தது 45 என்று வந்தால்தான் மூலைகள் சந்திக்காது. ஊசியிலிருந்து சரியாகக் கால் அங்குலத் தூரத்தில் மெஷின் தட்டின் மேல் ஒரு தடித்த டேப் ஒட்டி, துணியின் ஓரத்தை அதில் உரசவிட்டுத் தைத்தால் கை தானாகப் பழகும்.

ஒரு சோதனை இருக்கிறது. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று பட்டை வெட்டி, நீளவாக்கில் சேர்த்துத் தைத்து, இஸ்திரி போட்டு அளந்து பாருங்கள். மொத்தம் மூன்றரை அங்குலமும் நடுப் பட்டை சரியாக ஓர் அங்குலமும் இருக்க வேண்டும். குறைகிறது என்றால் டேப்பை ஒரு மயிரிழை ஊசியை நோக்கித் தள்ளுங்கள். தையலைத் திருப்பி மடிக்கும்போது மடிப்பே கொஞ்சம் துணியைத் தின்றுவிடும். அதனால் தையல் கால் அங்குலத்துக்கு மிக மிகச் சற்றே உள்ளடங்கி இருப்பதுதான் சரி. பருத்தி நூல், புது ஊசி (80/12 எண் போதும்), தையல் நீளம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர்.

சதுரங்களை இரண்டிரண்டாக நல்ல பக்கம் உள்ளே வரும்படி வைத்துத் தையுங்கள். ஒரு ஜோடி முடிந்ததும் நூலை அறுக்காமல் அடுத்த ஜோடியை ஊசிக்குக் கொடுங்கள். மாலை மாதிரி தொங்கிக்கொண்டே வரும். கடைசியில் நடுநூலை வெட்டிப் பிரித்துக்கொள்ளலாம். வரிசைக்கு 9 இணைப்பு, 12 வரிசைக்கு 108 சிறு தையல். இப்படிச் செய்தால் இரண்டு மூன்று உட்காரலில் முடிந்துவிடும்.

அடுத்து இஸ்திரி. உடுப்புக்குத் தேய்ப்பது போல் பெட்டியை முன்னும் பின்னும் இழுக்கவே கூடாது, சதுரம் நீண்டு கோணலாகிவிடும். வைத்து அழுத்தி, தூக்கி, அடுத்த இடத்தில் வையுங்கள். தையலின் உள்மடிப்பை முதல் வரிசை முழுக்க இடப்பக்கமாகச் சாய்த்துவிடுங்கள், இரண்டாவது வரிசையில் வலப்பக்கம், மூன்றாவது மறுபடி இடப்பக்கம். வரிசைகளை ஒன்றோடொன்று சேர்க்கும்போது எதிரெதிராகச் சாய்ந்த இரண்டு மடிப்பும் முட்டிப் பூட்டிக்கொள்ளும். விரலால் தடவினாலே பள்ளமும் மேடும் இல்லாமல் பொருந்தியது தெரியும். அந்த இடத்தில் ஒரு குண்டூசி குத்தித் தைத்தால் நான்கு மூலையும் ஒரே புள்ளியில் கூடும். மூலை சேராத போர்வைகளில் பெரும்பாலானவை இந்த ஒரு படியைத் தவிர்த்ததால் வந்தவை. இரண்டு வரிசை சேர்ந்ததும் ஒரு ஜோடி, ஜோடிகளைச் சேர்த்து நாலு வரிசை, அப்புறம் மொத்தமும் என்று போனால் பெரிய துணியைக் கையாளும் வேலை கடைசியில்தான் வரும்.

மெஷினே இல்லையென்றாலும் இதைக் கையால் தைக்கலாம். ஒவ்வொரு சதுரத்தின் பின்பக்கமும் கால் அங்குலம் உள்ளே பென்சிலால் கோடு போட்டு, அந்தக் கோட்டின் மேல் நெருக்கமான ஓட்டுத்தையல் போட வேண்டும். நாளாகும், ஆனால் மூலைகள் மெஷினைவிடத் துல்லியமாகவே வரும்.

இவ்வளவு துல்லியம் பேசினாலும், அளவெடுத்த சதுரங்கள்தான் குவில்ட் என்றில்லை. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் ஜீஸ் பெண்ட் என்ற சிற்றூரின் கறுப்பினப் பெண்கள் தேய்ந்த வேலை உடுப்புகளிலிருந்து கோணல் பட்டைகளாக வெட்டித் தைத்த போர்வைகள் 2002இல் ஹூஸ்டனிலும் நியூயார்க்கிலும் அருங்காட்சியகச் சுவர்களில் ஏறின. அந்தக் கோணல் கண்ணும் கையும் பழகியவர்களின் தேர்வு. கட்டுப்படுத்தத் தெரியாததால் வரும் கோணலுக்கும் அதற்கும் வித்தியாசம் பார்த்தாலே தெரியும்.

மேல்துணியைச் சுற்றி ஒரு அகலக் கரை வைக்க விரும்பினால், நீளத்தை ஓரத்தில் அளக்காதீர்கள். ஓரம் இழுபட்டிருக்கும். நடுவில் அளந்து, அந்த நீளத்துக்கே கரைத் துணியை வெட்டி, நடுவையும் முனைகளையும் குத்திப் பொருத்தித் தையுங்கள். இல்லாவிட்டால் கரை அலை அலையாக நிற்கும்.

பேட்டிங் வாங்கும்போது, தையல்களுக்கிடையே அதிகபட்சம் எவ்வளவு இடைவெளி விடலாம் என்று உறையில் போட்டிருக்கும், அதைப் படியுங்கள். அதைத் தாண்டினால் சில துவைப்புகளில் பஞ்சு உள்ளே நகர்ந்து கட்டி கட்டியாகும். எதுவும் போடவில்லை என்றால் 4 அங்குலத்துக்கு மேல் போகாதீர்கள். பருத்தி பேட்டிங் தட்டையாகப் படியும், தைக்கச் சுலபம், கனம் கொஞ்சம் கூடுதல். பாலியஸ்டர் உப்பலாக, இலேசாக இருக்கும்; வேகமாகக் காயும்; ஆனால் மெஷினடியில் நழுவும். மெல்லிய பழைய கம்பளியையோ பருத்திப் போர்வையையோ நடுவில் வைப்பதும் நல்ல வழிதான்.

அடித்துணி நான்கு பக்கமும் 4 அங்குலம் கூடுதலாக இருக்கட்டும்: 53க்கு 62. பேட்டிங் பக்கத்துக்கு 2 அங்குலம் கூடுதல்: 49க்கு 58. அடித்துணிக்குப் பழைய பருத்திப் படுக்கைவிரிப்பு ஒன்றே போதும். கையால் குவில்ட் செய்வதாக இருந்தால் மட்டும் மிக நெருக்கமாக நெய்த விரிப்பைத் தவிருங்கள், ஊசி இறங்காமல் விரல் நொந்துபோகும்.

மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும் கட்டம்தான் முதுகை ஒடிக்கும் கட்டம். தரையைத் துடைத்து, அடித்துணியின் நல்ல பக்கம் கீழே இருக்கும்படி விரித்து, ஓரங்களை டேப்பால் தரையோடு ஒட்டுங்கள். சுருக்கம் இல்லாமல் விறைப்பாக இருக்க வேண்டும். ஆனால் இழுத்துக் கட்டக் கூடாது. இழுத்தால் டேப்பை எடுத்ததும் அது சுருங்கி மேல்துணியைக் கொப்பளிக்கவைக்கும். அதன்மேல் பேட்டிங்கை விரித்து உள்ளங்கையால் தடவிச் சமப்படுத்துங்கள். மேலே மேல்துணி, நல்ல பக்கம் மேலே. நடுவிலிருந்து வெளியே நோக்கி, ஒரு உள்ளங்கை அகலத்துக்கு ஒன்று என ஊக்குக் குத்திக்கொண்டே போங்கள். இந்த அளவுக்கு 150 ஊக்கு வரை பிடிக்கும். அவ்வளவு இல்லையென்றால் நீண்ட நூலில் பெரிய பெரிய தையலாகக் கட்டம் கட்டமாக ஓட்டிவிடலாம், பிறகு பிரித்தெடுக்க வேண்டும். டேப்பை எடுத்துத் திருப்பிப் பாருங்கள். அடித்துணியில் மடிப்பு ஏதாவது தெரிந்தால் இப்போதே பிரித்துச் சரிசெய்யுங்கள், தைத்த பிறகு அது அப்படியே நின்றுவிடும்.

குவில்ட்டிங்குக்கு மூன்று வழி. மெஷினில் செய்வதென்றால், மேலும் கீழும் துணியை ஒரே வேகத்தில் நகர்த்தும் வாக்கிங் ஃபுட் என்ற பாதம் பொருத்திக்கொள்ளுங்கள். இந்த வேலைக்கென்று ஒன்றே ஒன்று வாங்குவதானால் இதைத்தான் வாங்கச் சொல்வேன். இணைப்புக் கோட்டுக்கு இரண்டு பக்கமும் கால் அங்குலம் தள்ளி நேர்க்கோடாகத் தைத்துக்கொண்டு போனால் குறி எதுவும் வரைய வேண்டாம், பாதத்தின் ஓரமே வழிகாட்டும். கோடுகளுக்கு நடுவே 4 அங்குலம் வரும். தையல் நீளத்தை 3 மில்லிமீட்டராகக் கூட்டுங்கள். முதலில் நடுக்கோடு, பிறகு அதற்கு இருபக்கமும். ஓரத்திலிருந்து தொடங்கினால் உபரித் துணி நடுவில் வந்து கூடாரம் போடும். போர்வையை இரண்டு பக்கமும் சுருட்டிக்கொண்டு, அதன் கனம் மேசையிலிருந்து தொங்காதபடி பக்கத்தில் ஒரு நாற்காலி வைத்துத் தாங்குங்கள். தொங்கும் கனம்தான் கோட்டை வளைக்கிறது.

கையால் என்றால் குட்டையான குவில்ட்டிங் ஊசி, வளையச் சட்டம், நடுவிரலுக்குத் திம்பிள் என்ற விரலுறை. நூல் முனையின் சிறு முடிச்சைத் துணிக்குள் வெடுக்கென்று இழுத்துப் பஞ்சில் புதைத்துவிட்டு, ஓட்டுத்தையல். ஆரம்பத்தில் சிறிய தையல் போட முயலாதீர்கள். ஒரே அளவாக வந்தால் போதும். மூன்றாவது வழி முடிச்சுப் போடுவது: 4 அங்குலத்துக்கு ஒரு முறை தடித்த நூலை மூன்று அடுக்கிலும் இறக்கி ஏற்றி இரட்டை முடிச்சு. ஒரே நாளில் முடிந்துவிடும், உப்பலான பேட்டிங்குக்கு இதுதான் எடுப்பாகவும் இருக்கும்.

குறி வரைவதானால் ஒரு எச்சரிக்கை. இஸ்திரிச் சூட்டில் மறையும் பேனாவின் மை கடுங்குளிரில் திரும்பத் தெரியும். தண்ணீரில் போகும் நீலப் பேனாவோ, கழுவும் முன் இஸ்திரி பட்டால் நிரந்தரமாகிவிடும். தையற்காரர் சாக்குக்கட்டி இந்த வம்பு எதுவும் இல்லாதது.

மிஞ்சிய அடித்துணியையும் பேட்டிங்கையும் மேல்துணி ஓரத்தோடு நேராக வெட்டிவிட்டு, மூலைகள் செங்கோணமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஓரப்பட்டிக்குச் சுற்றளவு 198 அங்குலம், மேலே ஒரு 10 சேர்த்துக்கொள்ளுங்கள். இரண்டரை அங்குல அகலத்தில், துணியின் முழு அகலத்துக்கு 6 பட்டை வேண்டும். பட்டைகளைச் செங்கோணமாக ஒன்றன்மேல் ஒன்று வைத்துச் சாய்கோட்டில் இணைத்தால் இணைப்பின் தடிமன் ஒரே இடத்தில் சேராது. நீளவாக்கில் இரண்டாக மடித்து இஸ்திரி போட்டு, மடிக்காத ஓரத்தைப் போர்வையின் மேல்பக்க ஓரத்தோடு சேர்த்து, 8 அங்குல வாலைத் தைக்காமல் விட்டு, ஒரு பக்கத்தின் நடுவிலிருந்து தையுங்கள். மூலைக்குக் கால் அங்குலம் இருக்கும்போதே நிறுத்தி நூலை அறுங்கள். பட்டியை 45 பாகையில் மேலே மடித்து, அப்படியே நேராகக் கீழே மடக்கி, அடுத்த பக்கத்தின் விளிம்பிலிருந்து தைக்கத் தொடங்குங்கள். பின்பக்கம் திருப்பும்போது மூலை தானாகவே சாய்வாக மடிந்து உட்காரும். படிக்கக் குழப்பமாக இருந்தால் ஒரு காகிதப் பட்டையை மேசை மூலையில் வைத்து மடித்துப் பாருங்கள், உடனே பிடிபடும். இரண்டு வால்களையும் அளவாக வெட்டி இணைத்து மூடியபின், பட்டியைப் பின்னால் மடித்து, முதல் தையலை மறைத்தபடி கையால் மறைதையல் போடுங்கள்.

முதல் துவைப்பு குளிர்ந்த நீரில், காரம் குறைந்த சோப்பில். சாயம் பற்றிச் சந்தேகம் இருந்தால் சாயத்தை உறிஞ்சும் தாள் ஒன்றைக் கூடப் போடுங்கள். முன்கூட்டிச் சுருக்காத பருத்தி பேட்டிங் இப்போது சுருங்கி, தையலோரமெல்லாம் மென்மையான சுருக்கம் விழும். கெட்டுப்போய்விட்டது என்று பதறாதீர்கள், பலரும் அதற்காகவே பருத்தி போடுகிறார்கள். ஈரத்தில் கனம் அதிகம் என்பதால் ஒற்றைக் கொடியில் தொங்கவிடாமல், இரண்டு மூன்று கொடியில் பரப்பியோ தட்டையாக விரித்தோ நிழலில் காயவையுங்கள். மடித்து வைப்பதானால் பிளாஸ்டிக் பையில் வேண்டாம், பருத்தி உறையில் போட்டு, அவ்வப்போது மடிப்பை மாற்றுங்கள். எங்காவது ஒரு சதுரம் கிழிந்தால் போர்வையைப் பிரிக்கத் தேவையில்லை: 5 அங்குலத் துண்டின் நான்கு ஓரத்தையும் கால் அங்குலம் உள்ளே மடித்து, கிழிந்ததன் மேலேயே வைத்து மறைதையல் போட்டு, அதன் வழியாகக் குவில்ட்டிங் கோட்டை மறுபடி ஓட்டிவிடலாம். கூடுதலாக வெட்டிய 10 சதுரத்தில் மிஞ்சியவற்றை அதற்காக எடுத்து வையுங்கள்.